இடது பக்கத்து சீட்

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் ஒரு மெக்கானிக்கையும் ஒரு ஒட்டகத்தையும் கொண்டு போனோம்.

ஒட்டகம் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து வாங்கி வந்தது. வருஷக்கணக்காக எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் முதுகில் காந்தம். பழைய வண்டி எங்காவது இடித்து நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஒட்டகத்துக்குத் தெரியும். தகரத்தில் ஒட்டும், பட்டியில் ஒட்டாமல் பொத்தென்று விழும். அது விழும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், லாட்டரி அடித்த மாதிரி. அந்த சந்தோஷம் எதற்கென்று எனக்குப் புரிய ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அவர் இருபத்திரண்டு வருஷம் அங்கே பஸ் ஓட்டியவர். அங்கேயே பக்கவாதம் வந்து, தக்கலையில் வீடு வந்து சேர்ந்தார். கை திரும்பியது. பேச்சு திரும்பியது, சொல்லப்போனால் முன்னைவிடக் கூடவே திரும்பியது. வலது கால் மட்டும் வரவில்லை. பாதத்தைக் கீழே அழுத்துங்கள் என்று சொன்னால், வேறு யாருக்கோ சொன்ன மாதிரி அது பேசாமல் கிடக்கும். இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

நாகர்கோவிலில் பிசியோதெரபி பார்க்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னாள். வாரம் மூன்று தடவை விடாமல் கூட்டிவந்தால் இந்த ஆறு மாதத்துக்குள் கால் தேறும். விட்டுவிட்டால் இப்படியே நின்றுவிடும், பிறகு வந்து பிரயோஜனமில்லை. நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் கூட்டிப்போவது எப்படி? ஆட்டோவில் அவருடைய கால் மடங்காது. வாடகைக் காரில் மடக்கி உட்கார வைத்தால் திரும்ப எடுக்க இரண்டு பேர் வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, ஒருமுறை வந்த டிரைவர் மறுமுறை வரமாட்டார். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் அந்த மனிதருக்குக் கியர் போடவும் கண்ணாடி பார்க்கவும் இவர் பாடம் நடத்தி முடித்திருப்பார். மூன்று டிரைவர்கள் அப்படிப் போனார்கள். மூன்று தடவை என்பது வாரம் ஒரு தடவையானது.

அதனால்தான் வேன். நாற்காலி உயரத்துக்கு சீட் இருக்க வேண்டும், பக்கக் கதவு தள்ளித் திறக்க வேண்டும், பின்னால் வாக்கரையும் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளையும் போட இடம் வேண்டும். பழையதானாலும் வழியில் நிற்காததாக இருக்க வேண்டும். நான் ஓட்டுவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நான்கு பேர் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தோம். அன்று போனில் சொன்னபோது இவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அதன்பிறகு கூட வேலை பார்க்கிற டீச்சரின் காரை வாரத்துக்கு இரண்டு நாள் நான்தான் ஓட்டுகிறேன், அதை இவர் கணக்கில் சேர்த்ததே இல்லை.

முதல் ஞாயிறு மார்த்தாண்டம். கேரளா நம்பர் வைத்த வேன், பளபளவென்று நின்றது. இவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் உருவிப் பார்த்தார். உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் செம்மண் கறை ஒரு கோடாக இருந்தது. வெள்ளத்தில் முங்கிய வண்டி. எனக்கே அவர்மேல் மதிப்பு வந்தது. இரண்டாவது ஞாயிறு குளச்சல், கடலுக்கு நேர் எதிரே வீடு. வண்டியின் அடியில் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தார்கள். எங்களோடு வந்த ஆசான் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார், அது அப்பம் மாதிரி உள்ளே போனது. உப்புக்காற்று தின்ற தகரம். அதுவும் நியாயமான காரணம்தான்.

ஆசானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒர்க் ஷாப் தலைமை மெக்கானிக்கை ஆசான் என்போம். எங்கள் ஆசான் குறைவாகப் பேசுகிறவர். வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கையைத் துடைத்துக்கொள்வார், அதற்குள் கேட்டவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

மூன்றாவது வேன் பேச்சிப்பாறைப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்துக்காரருடையது. ரப்பர் ஷீட் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் தொங்கியிருந்தது. ஸ்பிரிங் மாற்றினால் போதும், இஞ்சின் நல்ல இஞ்சின் என்றார் ஆசான். வாசம் போகாது என்றார் இவர். ஷீட் வாசம் எங்களுக்கு என்ன புதிதா, மழைக்காலத்தில் பாதி ஊரே அப்படித்தான் மணக்கிறது. நாலாவது வேனில் ஒட்டகம் எங்கும் விழவில்லை, பெல்ட்டில் கறை இல்லை, அடியில் துரு இல்லை. இவர் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஹார்னை அடித்துப் பார்த்துவிட்டு, ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வந்ததும், ஹார்னுக்கா நாம் பெண் கொடுக்கப் போகிறோம் என்று கத்தினேன். நாலு வாரம் போயிற்று, நாலு வாரத்தில் பன்னிரண்டு தடவை போக வேண்டிய இடத்துக்கு நாலு தடவைதான் போயிருக்கிறோம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் ஒட்டகத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

ஐந்தாவது வேன் இரணியலில் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மாவின் வண்டி, பதினோரு வயசு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவ்வளவு பெரிய வண்டியில் தான் ஒருத்தியே சந்தைக்குப் போவது கூச்சமாக இருக்கிறது என்றார். சர்வீஸ் பண்ணின காகிதங்களை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் மாதிரி தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே குறைகளையும் அவரே சொன்னார். மழை பெய்தால் பக்கக் கதவு பாதியில் நிற்கும், கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிட வேண்டும். ஒரே ஒருமுறை வழியில் நின்றிருக்கிறது, அது பேட்டரி. இப்படிக் குறை சொல்லி விற்கிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

காலையில் இஞ்சினைத் தொடாதீர்கள் என்று ஆசான் முந்தின நாளே நர்ஸம்மாவிடம் போனில் சொல்லியிருந்தார். சூடாக்கி வைத்த இஞ்சின் எந்தக் குறையையும் காட்டாதாம். குளிர்ந்து கிடந்த வண்டி ஒரே சாவித் திருப்பில் எடுத்தது. புகை இல்லை. ஆசான் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்தார்.

“ஒரு கொழப்பமும் இல்ல டீச்சர். நம்ம காலம் வரைக்கும் ஓடும்.”

ஒட்டகம் நாலு கதவிலும் ஏறி இறங்கி, கூரை வரைக்கும் போய், எங்கும் விழாமல் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரரின் முகம்தான் விழுந்தது. ஆரல்வாய்மொழி வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும் என்றார்.

அது எங்கள் ஊர் வழக்கம். அந்த மலைக் கணவாய்க் காற்றில் நேராகப் போகிற வண்டி எங்கேயும் நேராகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. நல்ல ஆனி மாசம், கரண்ட் எடுக்கிற காற்றாடிகளெல்லாம் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிற காலம். நர்ஸம்மா சாவியைக் கொடுத்தார். நடு சீட்டில் காலை நீட்டி சௌகரியமாக உட்காரலாமே என்று ஆசான் சொன்னதற்கு, நான் என்ன பார்சலா என்று கேட்டுவிட்டு இவர் முன்னால் இடது பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆசான் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஓட்டினேன். தோவாளை தாண்டுகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் “பைய, பைய” என்றார். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு பனைமர தூரம் முன்னாலேயே தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி, வராத வலது காலைத் தரையில் ஊன்றப் பார்த்தார். கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று வேனைப் பிடித்துத் தள்ளியது. ஸ்டியரிங் வலது பக்கம் போயிற்று.

“பாத்தியா? வலது பக்கம் இழுக்கு. சேசிஸ் வளைஞ்சிருக்கு. எங்கயோ பலமா அடிபட்ட வண்டியாக்கும் இது. வேண்டாம், திருப்பு.”

சொன்னபோது மறுபடியும் அந்த லாட்டரி முகம். ஆசானைக் கண்ணாடியில் பார்த்தேன், மனிதர் கண்ணைத் திறக்கவே இல்லை. சரி என்று திருப்பினேன். வந்த வழியே இரண்டு நிமிஷம் ஓட்டியிருப்பேன், ஸ்டியரிங் இப்போது இடது பக்கம் போயிற்று. எனக்குள் இருந்த சயின்ஸ் டீச்சர் விழித்துக்கொண்டாள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன்.

“போவும்போ வலது பக்கம் இழுத்த வண்டி, வரும்போ இடது பக்கம் இழுக்கு. வளைஞ்ச சேசிஸ் வண்டியத் திருப்பினா கூடவே மாறி வளையுமா? இது காத்து. எட்டாங்கிளாஸ் பிள்ளையளுக்கே தெரியும். இருபத்திரண்டு வருசம் வண்டி ஓட்டுன ஒங்களுக்குத் தெரியாதா?”

ரோட்டோரம் முருங்கை ஒன்று காற்றில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கிப் பேசினார்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல ஏட்டி. எனக்க சொந்த வண்டியில ஸ்டியரிங் இல்லாத சீட்ல இருக்கணும்னு நான் நெனச்சதே இல்ல. நாளைக்கு இது வழியில நின்னா, நீ எறங்கித் தள்ளுவ. நான் உள்ள இருந்து பாத்துட்டு இருக்கணும். அதாக்கும்.”

இவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், வேண்டாமென்று விட்ட நாலு வேன்கள், பாவம் ஒரு ஒட்டகம். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நின்றால் நிற்கட்டும், தள்ளுவதற்கு ஊரில் ஆள் இல்லையா, உங்கள் காலைத் தள்ளிவிடத்தான் வேறு ஆள் கிடையாது, அதற்கு நீங்கள்தான் வர வேண்டும் என்றேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கிளட்சை இவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டிருக்காதே, தேய்ந்துபோகும் என்றார். அப்போதே வேன் எங்களுடையதாகிவிட்டது.

பின்னாலிருந்து ஆசான் இருமினார். காற்று என்று எனக்கு அப்போதே தெரியும், புருஷன் பெண்டாட்டி நடுவில் நான் எதற்கு என்றுதான் இருந்தேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அவரிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை, வண்டிக்கு அவர்தான் ஆயில் மாற்றுகிறார்.

திங்கள், புதன், வெள்ளி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிளம்பிவிடுவோம். வேன் நர்ஸம்மா சொன்னபடியே நடந்துகொள்கிறது. மழையில் கதவு பாதியில் நிற்கிறது, தூக்கித் தள்ளுகிறோம். இரண்டு பிள்ளைகளும் அந்தக் கதவுக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஒட்டகம் இவர் பக்கத்துக் கதவின் தகரத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. இவருடைய வாயும் கூடவே வருகிறது. வில்லுக்குறியில் பிரேக்கு, சுங்கான்கடையில் பிரேக்கு, எதிரே பஸ் வந்தால் பிரேக்கு. மற்ற மூன்று டிரைவர்களைப் போல ஓடிப்போக எனக்கு வழியில்லை, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பிசியோதெரபி பெண் அவருடைய வலது பாதத்தில் உள்ளங்கையை வைத்து, அழுத்துங்கள் என்றாள். அழுத்தினார். அவள் கை பின்னால் போயிற்று. இன்னொரு தடவை என்றாள், இன்னொரு தடவையும் போயிற்று. வீட்டில் இதற்கென்று தனியாக என்ன பயிற்சி செய்கிறீர்கள், நான் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லையே என்று ஆச்சரியமாகக் கேட்டாள். இவர் என்னைக் காட்டிச் சொன்னார்.

“பயிற்சி ஒண்ணும் இல்ல மோளே. எனக்க பெண்டாட்டி ஓட்டுத வண்டியிலயாக்கும் நான் வாறேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ரோஷம் வந்து வெளியே போய்விட்டேன். வேனின் இடது கதவைத் திறந்து பார்த்தேன். கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டில், இல்லாத பிரேக் இருக்கிற இடத்தில், பாதத்தின் முன்பக்கம் அளவுக்கு ஒரு குழி. நாலு மாதமாக, வாரம் மூன்று நாள், போகவும் வரவும் அந்தக் கால் அங்கே மிதித்திருக்கிறது. அங்கேயே நின்று அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவரைக் கூட்டிவந்தேன்.

புது மேட் வாங்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், நான் வாங்கவில்லை. அன்றிலிருந்து ரோடு காலியாக இருக்கிற இடங்களில் நான் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகத்தான் மிதிக்கிறேன்.