ஷீல்டின் பின்பக்கம்

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஷீல்டு, மெடல், மொமெண்டோ வெட்டி எழுத்துப் பொறித்துக் கொடுப்பது தொழில். கணக்குப் போட்டியன்றே மரகதம் டீச்சருக்கு வைத்திருந்த பாராட்டு விழாவுக்கு முந்தின நாள் காலை, வாசகசாலைச் செயலாளர் கதிர்வேல் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அண்ணா, மரகதம் டீச்சர் வரமாட்டேங்கறாங்க. நோட்டீஸ் ஒட்டியாச்சு. நீங்க ஒரு எட்டுப் போய்ச் சொல்லுங்க."

எனக்கு நாலு பேரிடம் பேசவே கூச்சம். ஆனாலும் போனேன்.

பக்கத்து எருத்தேன்பதியில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு வருடாவருடம் கணக்குப் போட்டி நடத்துபவர் டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பரிசு ஷீல்டுகள் என் கடையில்தான் செய்வார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு கணக்கைப் பொறிக்கச் சொல்வார், விடை இருக்காது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஷீல்டு அலமாரி ஏறிட்டா அதோட சரிங்க. பின்னாடி கேள்வி இருந்தா எறக்கி எறக்கிப் பாப்பாங்கல்ல?" என்றார்.

அன்று வாசலிலேயே சொல்லிவிட்டார்: "கணக்குப் போட வர்ற புள்ளைங்க என்னையப் புகழறதக் கேட்டுட்டு வெயில்ல உக்காந்திருக்கோணுமா? எனக்கு வேண்டாமுங்க."

சட்டென்று, "உங்க மொமெண்டோவுக்குப் பின்னாடியும் ஒரு கணக்கு இருக்குதுங்க டீச்சர்" என்றேன்.

"அப்படியா? என்ன கணக்கு?"

"மேடைக்கு வந்து பாத்துக்குங்க."

கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் கதிர்வேல் கேட்டார்: "கணக்கு எங்கீங்கண்ணா?"

"இனிமேதான் கண்டுபிடிக்கோணும்."

"நீங்க கணக்குல எப்படிங்க?"

"பத்தாவதுல பார்டர் பாஸ்."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மெடல் வெட்டி மிச்சமான அக்ரிலிக் ஷீட் மூலையில் கிடந்தது. சில ஷீட்டில் வட்டங்களை நேர்வரிசையாக வெட்டினால் மெடல் கூடுதலாகக் கிடைக்கும். சிலதில் ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசையை நுழைத்தால்தான் கூடும். எந்த அளவு ஷீட்டிலிருந்து இது மாறுகிறது? எனக்கு இன்றுவரை குத்துமதிப்புதான். அதையே கேள்வியாகப் பொறித்தேன்.

மறுநாள் டீச்சர் வந்தார். சால்வை போர்த்தினார்கள். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மொமெண்டோவைத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். வாசகசாலைத் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மைக்கை எடுத்து, கூட்டத்தில் இருந்த என்னைக் கேட்டார்: "ஏனுங்க, மெடலு எத்தனை இஞ்சு?"

"ரெண்டரைங்க டீச்சர்" என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. அவ்வளவு பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இதுக்கு எனக்கும் விடை தெரியலீங்க" என்றவர், பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டார். சோடாக்கடையிலிருந்து மூடிகள் வந்தன. நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் மூடிகளை அடுக்கத் தொடங்கினார்கள். தலைவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மொமெண்டோ கேட்டு வந்தால் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அவருக்கு எதில் மனசு கிடக்கிறது என்றும் கேளுங்கள்.

டீச்சர் இன்னும் விடை சொல்லவில்லை. ஷீட்டின் அளவு கேட்டு அடிக்கடி போன் செய்கிறார்.