எடைக்கு எடை வெல்லம்

என் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை என்று ஊரே புலம்பியது. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலில் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. கூழ் ஊட்ட ஆரம்பித்த பிறகு வாந்தி எடுத்தான். வயிறு உப்பியது, ஈரல் வீங்கியது, கண் மஞ்சளானது. பத்தாம் மாதத்தில் ஒரு காலை இழுப்பு வந்து போய்விட்டான். மாந்தம் என்றார்கள், கண் பட்டது என்றார்கள். வாய் உள்ளவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அம்மனை நம்பும் அன்பர்களே, நான் பவுனாம்பாள். வேப்பந்தட்டைப் பக்கம் சிறு கிராமம். எழுத்து எனக்குச் சுமாராகத்தான் வரும். வாய் மட்டும் எட்டு ஊருக்குப் போதும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எங்கள் எல்லைக் காளி என் வீட்டில் செய்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அடுத்து காளிமுத்து பிறந்தான். அவள் பெயரையே வைத்தோம். ஆறாம் மாதம் என் மாமியார் அவனுக்கு வெல்லம் கரைத்த கேழ்வரகுக் கூழை ஊட்டினாள். மாமியார் என் அப்பாவுடன் பிறந்த சொந்த அத்தைதான்; உறவுக்குள் நடந்த கல்யாணம். எங்கள் வீட்டில் வெல்லத்துக்குப் பஞ்சமே கிடையாது. கிணற்றடியில் எங்கள் கரும்பு, எங்கள் கொப்பரையில் காய்ச்சியது. ஊரே சீனிக்கு அலைந்த காலத்தில் எங்கள் பிள்ளைக்கு எல்லாவற்றிலும் வெல்லம். அதைப் பெருமையாக நினைத்தோம்.

இரண்டாம் நாளே வாந்தி. வைத்தியர் பொடி கொடுத்தார். தேனில் குழைத்துத் தரச் சொன்னார். மருந்து உள்ளே போகப்போகப் பிள்ளை வாடினான். ஒரு நாள் வெயிலில் அவனைத் தூக்கி வந்து கண்ணைப் பார்த்தேன். அதே மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். “ஒண்ண எடுத்துக்கிட்ட. இவனையும் எடுத்தேன்னா உன் வாசல்ல விளக்கேத்த என் கை வராது, சொல்லிப்புட்டேன்” என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்தது. காலில் விழுந்தேன். பிள்ளை பிழைத்தால் சித்திரைத் திருவிழாவில் அவன் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதை அம்மனுக்கு நேர்ந்தோமோ, அதைச் செலுத்தும் வரை வீட்டில் தொடக்கூடாது. பூசாரி அதை இன்னும் இறுக்கினார். “வெல்லம் நேர்ந்தா இனிப்பையே நேர்ந்த மாதிரி தாயி. தேனு, பழம், சர்க்கரை ஒண்ணும் உன் வூட்ல ஆவாது. புள்ள வாயிலயும் படப்படாது.”

அத்தை பதறிப்போனாள். “மருந்தே தேன்லதானடி குழைச்சுக் குடுக்குறோம்? அதையும் நிறுத்திப்புட்டா புள்ள என்னடி ஆவும்?”

“அவ பாத்துக்குவா அத்தை” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்குத்தான் தைரியம். மருந்தை நிறுத்திப் பிள்ளையைக் கொன்றவள் என்று நாளைக்கு ஊர் சொல்லும். அந்த மாதம்தான் எங்கள் ஆலையில் கரும்பு ஆட்டினார்கள். தெருவெல்லாம் பாகு வாசனை. எங்கள் வீட்டில் ஒருவர் விரலை நக்கவில்லை.

பிள்ளை தேறினான். முதலில் வாந்தி நின்றது. பிறகு கண் வெளுத்தது. பங்குனியில் சிரித்தான். அவள் கேட்டுவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஆனால் உள்ளே ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. திருவிழா அவனுடைய பத்தாம் மாதத்தில் வந்தது. மூத்தவன் போய்ச் சேர்ந்ததும் அதே பத்தாம் மாதத்தில்தான்.

கோயில் முன்னால் பெரிய தராசைக் கட்டினார்கள். ஒரு தட்டில் காளிமுத்து, மறு தட்டில் வெல்லம். மேளம் அடித்தது, தட்டு சமமானது, குலவை போட்டார்கள். அந்த வெல்லத்தில் ஒரு துண்டை அத்தை கிள்ளி அவன் வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதட்டை இறுக்கினான்.

“வேணாங்கறான்ல, வுட்டுடுக்கா” என்றார் ராமசாமிச் சித்தப்பா. அவர் அப்பாவுக்கும் அத்தைக்கும் கடைசித் தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எங்களோடு இருந்தவர். பிறந்ததிலிருந்து இனிப்பைத் தொடாத மனிதர். பந்தியில் பாயசம் வந்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். நல்ல காரியத்தில் இனிப்பைத் தள்ளுகிற மூதேவி என்று அவருக்குப் பெயர்.

“நீ வாய மூடுடா. உன்ன மாதிரியே இவனையும் ஆக்காத” என்று அத்தை அதட்டினாள். துண்டை வாயில் வைத்து, மேலே பானகமும் புகட்டினாள். பிரசாதத்தை யார் வேண்டாம் என்பது? நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தேர் பாதி வழி கூட வரவில்லை. பிள்ளை வாந்தி எடுத்தான். வேர்த்துக் கொட்டியது. உடம்பு சில்லிட்டுத் துணி மாதிரி என் தோளில் துவண்டான். பிறகு கை இழுத்தது. மேளம் நின்றது. “காணிக்கையும் வாங்கிக்கிட்டு புள்ளையையும் கேக்குறாளே” என்று கூட்டத்தில் ஒரு குரல். யாரும் என் பக்கத்தில் வரவில்லை. இடம் விட்டு விலகி நின்றார்கள்.

விலகிய கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். திருவிழாவுக்குக் காலரா ஊசி போட வந்த டாக்டரம்மா. பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன ஊட்டுகிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து ஆராய்ச்சி செய்கிறவர் என்று பின்னால் தெரிந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டே கேட்டார்.

“கடைசியா என்ன சாப்பிட்டான்?”

“அம்மன் பிரசாதம்தாங்க. வெல்லமும் பானகமும்.”

“முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?”

“வந்துச்சுங்க. வெல்லம் நேர்ந்துக்கிட்ட நாள்லேருந்து வரலீங்க.”

“நேர்ந்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?” என்றார். கட்டுப்பாட்டைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குளுக்கோஸ் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்தான். எங்களைத் தன் வண்டியிலேயே ஏற்றி, பெரம்பலூர் தாண்டி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒவ்வொரு சாப்பாடாகக் கொடுத்துப் பார்த்தார். ஒரு நாள் பால், ஒரு நாள் கஞ்சி, பிறகு பருப்பு, முட்டை. ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்; அதில் சர்க்கரை இறங்கியிருந்தால் நிறம் மாறுமாம். நிறம் மாறவில்லை. பிள்ளையும் நன்றாக இருந்தான். அப்புறம் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

“ரத்த வழியா வர்ற குறைன்னு நினைக்கிறேன்மா. சர்க்கரையில பல வகை உண்டு. பால்ல இருக்கிறதும் நான் ஊசியில போட்டதும் இவனுக்கு ஒத்துக்குது. வெல்லம், தேன், பழத்துல இருக்கிறது இவன் ஈரலுக்கு விஷம். நான் படிச்ச புஸ்தகத்துல இதுக்குப் பேர் கூட இல்ல. அதனால இது என் ஊகம்தான். இன்னும் ஒரே ஒரு தடவை, துளி வெல்லத் தண்ணி குடுத்துப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். ஊசியோட பக்கத்துலயே நிப்பேன்.”

முடியாது என்று எழுந்துவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. ஊகத்தை நம்பி ஆயுசு முழுக்கப் பத்தியம் வைக்க உங்கள் வீட்டில் ஒப்புவார்களா என்று மட்டும் கேட்டார். ஒப்பமாட்டார்கள். அத்தையை எனக்குத் தெரியும்.

மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர் அந்தத் திசை. “உன் வாசல்ல வச்சு அடிச்சது பத்தலையா? அந்த வெல்லம் இன்னொரு தரம் அவன் நாக்குல படாம ஒரு வழி காட்டு. காட்டலேன்னா அவனுக்கு வச்ச உன் பேரையே மாத்திடுவேன்” என்றேன். இப்படித்தான் எனக்குப் பிரார்த்தனை வரும். அவளுக்கு என் குணம் தெரியும்.

மறுநாள் காலை ராமசாமிச் சித்தப்பா பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். முகமெல்லாம் புகை. நர்ஸ் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி நீட்டினார். “இனிப்பு போட்டாச்சாம்மா? அப்ப வேணாம்மா” என்றார். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா சட்டென்று திரும்பினார். ஏன் வேண்டாம், எப்போதிலிருந்து, குழந்தைக்கு என்ன உறவு என்று மூச்சு விடாமல் கேட்டார். பல்லைக் காட்டச் சொன்னார். சித்தப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பது தாண்டியவர், இனிப்பு தொடாத வாயில் ஒரு சொத்தை இல்லை.

“சின்னப் புள்ளையில எங்கம்மா அடிச்சு ஊட்டுவாங்க. துப்பிடுவேன். உள்ள போனா மயக்கம் வந்துடும். ஆம்பள இதைச் சொன்னா சிரிப்பாங்கன்னு, புடிக்கலைன்னே சொல்லிப் பழகிட்டேங்க” என்றார். விஷயத்தை நான் சொல்லச் சொல்லக் கேட்டவர், கட்டிலில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தார். “அவனுக்கு என்னாத்துக்குங்க? எனக்குக் குடுத்துப் பாருங்க.”

டாக்டரம்மா யோசித்தார். ஆபத்து உண்டு என்று சொன்னார். பிறகு வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். சித்தப்பா டம்ளரை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

நாங்கள் காத்திருந்தோம். முதலில் அவர் பேச்சு நின்றது. நெற்றி வேர்த்தது, முகம் சாம்பலானது, கை நடுங்கியது. வாந்தி எடுத்தார்; கட்டிலில் சாய்த்தோம். என்னைப் பார்த்தார், நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்; ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. அந்தக் கட்டிலில் நான் என் மூத்தவனைப் பார்த்தேன். நாங்கள் ஆசையாக ஊட்டிய ஒவ்வொரு கரண்டியையும் பார்த்தேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், சிறுநீர் எடுத்தார், அதற்குப் பிறகுதான் ஊசியைப் போட்டார். காய்ச்சிய நீல மருந்து செங்கல் நிறத்துக்கு மாறியது.

சித்தப்பாவுக்கு நினைவு திரும்பியதும் முதலில் சொன்னது இதுதான். “பாவம்டி பவுனு. அந்தச் சின்ன உசுரு இதைச் சொல்லத் தெரியாமத்தானே அழுதுருக்கு.” நான் வாய்விட்டு அழுதேன். அம்மன் காட்டிய வழி, ஊர் மூதேவி என்று ஒதுக்கிய மனிதர்.

மருந்து ஒன்றும் கிடையாது, கொடுக்காமல் இருப்பதே மருந்து என்றார் டாக்டரம்மா. “உங்க வேண்டுதல்தாம்மா இவனை இத்தனை நாள் காப்பாத்தியிருக்கு. அதை இனிமே வுட்டுடாதீங்க” என்றார்.

நான் விடமாட்டேன். ஊர் விடுமா? டாக்டர் சொன்னார் என்றால் எங்கள் ஊரில் கொட்டாவி விடுவார்கள். கொஞ்சினால் வெல்லம், அழுதால் வாழைப்பழம். அதனால் ஊர் திரும்பியதும் நேரே கோயிலுக்குப் போய், மறுபடியும் எடைக்கு எடை வெல்லம் நேர்ந்தேன். பூசாரி விழித்தார்.

“இப்பத்தான தாயி செலுத்துன? இதை எப்ப செலுத்துவ?”

“அவனோட அறுபதாங் கல்யாணத்தன்னைக்கு சாமி.”

அவர் திருநீறு எடுத்துப் பிள்ளை நெற்றியில் பூசினார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் ஊரில் ஒரு கை அவன் பக்கம் இனிப்பை நீட்டியதில்லை. அத்தை கூட நீட்டியதில்லை. அம்மனுக்கு நேர்ந்தது என்றால் அவ்வளவு பயம்.

கரும்பை அழித்துக் கடலை போட்டுவிட்டோம். காளிமுத்து பள்ளிக்கூடம் போகிறான். பந்தியில் சித்தப்பா பக்கத்தில்தான் உட்காருவான். பாயசம் வந்தால் இரண்டு இலையும் ஒன்றாக மூடும். பிறகு ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வெளியூர்க்காரர் யாராவது காளிமுத்துவைக் கொஞ்ச வந்தால் என் கண் அவர்கள் விரலைத்தான் பார்க்கும்.

அன்பர்களே, அவள் பதில் சொல்லவில்லை என்று மனம் உடையாதீர்கள். என் வீட்டில் அவள் பதில் சொல்லி மாதக்கணக்காகியும் எனக்குத்தான் புரியவில்லை. நம்பிக் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். உங்கள் பிள்ளை ஒன்றைக் கண்டு முகத்தைத் திருப்பினால், அதுவும் அவள் சொல்வதுதானோ என்று ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

என் மகன் அறுபதாம் வயதில் தராசில் உட்காரும் நாளில் நான் இருக்கமாட்டேன். சித்தப்பாவும் இருக்கமாட்டார். இதைப் படிக்கிற சின்னவர்களில் யாராவது அன்றைக்கு எங்கள் கோயிலுக்குப் போகலாம். போனால் வெல்லம் முழுவதையும் அவளுக்கே கொடுத்துவிடுங்கள். அவன் வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.