தெருவில் கிடந்த சீமாட்டி

பாரிஸ் லா சப்பலில் தனியாக இருக்கிறேன். குப்பையோடு தெருவில் கிடந்த ஓர் எண்ணெய் ஓவியத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்தேன். அரசர் காலத்துப் பிரெஞ்சுச் சீமாட்டி. நீலப் பட்டு, வெள்ளை மா பூசிய கூந்தல், கையில் ரோசாப்பூ.

குழாய் திருத்த வந்த யாழ்ப்பாணத்துக்காரர் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"வெள்ளைக்காரியையோ அண்ணை கட்டினனீங்கள்? எப்ப மோசம் போனவ?"

எங்கள் வீடுகளில் சுவரில் தனியாக ஒரு படம் தொங்கினால் அது இறந்தவருடையதுதான்.

"ஆரெண்டு எனக்கும் தெரியாது தம்பி. தெருவிலை கிடந்தவ."

"பாவம், ஒருத்தரும் இல்லைப்போலை," என்று சொல்லிச் சற்றுநேரம் கண்ணை மூடி நின்றார்.

அவர் போனபின் என் புகைப்படம் ஒன்றை எடுத்து அவளுடைய சட்டத்தின் பின்னால் செருகினேன். நான் இறந்து இந்த அறையை ஒழிக்கிறவர்கள் அவளை மறுபடி தெருவில்தான் வைப்பார்கள். அவள் அழகி, யாராவது ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். நானும் கூடப் போவேன்.