ஆனி மாதத்தில் தட்டிய நோன்பு அடை

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், மாசி கொஞ்சமாவது மிச்சமிருக்கும்போதே, சுமங்கலிகள் காராமணி போட்ட காரடை தட்டி, வெண்ணெயோடு நைவேத்தியம் செய்து, கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ள வேண்டும். புருஷனின் ஆயுளுக்கான நோன்பு இது. விதி இவ்வளவுதான். அந்த வேளையில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவள் என்ன செய்வாள் என்பதற்கு உட்பிரிவு எதுவும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் தாலுகா கச்சேரியில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இவ்வளவு பெரிய ஓட்டையுள்ள விதியை அங்கேகூடப் பார்த்ததில்லை.

என் மனைவி ரங்கநாயகிக்கு முதல் அறிகுறி அறுபத்தெட்டாம் வருஷக் கார்த்திகையில் தெரிந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நான் அதை வாயு என்றேன். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் யாராவது இப்படித் தண்ணீர் விட்டுச் சோற்றை இறக்கினால், என்னைப் போல இரண்டு மாதம் கஷாயம் போடாதீர்கள்.

தை மாதம் சென்னையில் பேரியம் படம் (வெள்ளை மாவுக் கரைசலைக் குடிக்கவைத்து, அது இறங்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். உணவுக்குழலில் புற்று. அறுவைக்கு இடமில்லை என்றார்கள். கதிர் சிகிச்சை (கட்டியைக் கதிரால் சுட்டுச் சுருக்குவது) தொடங்கியது. மாசி முடிந்து பங்குனி பிறந்தபோது அவள் பெண்கள் வார்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு நல்லா இறங்கும். கேட்டதைக் கொடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தீபாவளி வரைக்கும்னு வெச்சுக்குங்க சார்."

அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

சித்திரையில் சின்னக் காஞ்சிபுரம் திரும்பினோம். கஞ்சி, பிறகு கரைத்த ரசஞ்சாதம், வைகாசியில் இட்லி. அரை இட்லி இறங்கிய ஒரு காலையில் கேட்டாள்:

"ஏன்னா, இந்த வருஷம் நோன்பு விட்டுப்போயிடுத்தே. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

வீட்டில் யாருக்கு என்ன ஆகிறது என்பதை அவள் பார்த்த விதம் அது.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். தெற்கே பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு பெரியவருக்கு முறைப்படி மனு எழுதினேன். பொருள்: நோயால் தவறிய நோன்பை வேறு மாதத்தில் செய்யலாமா, காலதாமதத்தை மன்னிக்க வழி உண்டா. பதிலுக்கு ஒரு கார்டும் வைத்தேன். இருபது நாள் பார்த்து நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

ஆனி நடுவில் தொண்டை மறுபடி குறுக ஆரம்பித்தது. இட்லி நின்றது. நானோ வாசலில் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதில் வரட்டுமே," என்றாள். "இல்லேன்னா அடுத்த மாசிக்குச் சேர்த்துப் பண்ணிண்டாப் போறது." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"வேண்டாம். இன்னிக்கே பண்ணிடலாம்."

உத்தரவு வராமல் ஒரு குண்டூசியைக்கூட இடம் மாற்றாதவன் நான். நாற்பது வருஷமாக அதைச் சொல்லிச் சிரித்தவள் அவள். அன்று சிரிக்கவில்லை. "காராமணியை வறுங்கோ," என்றாள். டாக்டர் வராந்தாவில் சொன்னதை நான் அவளிடம் சொன்னது இப்படித்தான்.

பக்கத்து வீடு தறிக்காரர் வீடு. அங்கிருந்து கனகம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஐயரே, ஆனியில காராமணி வாசனை வருது? காலண்டரைத் திருப்பி மாட்டிக்கினீங்களா?"

நான் ஐயங்கார் என்று இருபது வருஷமாகத் திருத்தியும் பலனில்லை. விஷயத்தைச் சொன்னேன். கோயில் வாசல் கடையில் சரடு கேட்டதற்கு, மாசியில் வாருங்கள் என்று திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். அவள் உள்ளே போய், தறியிலிருந்து நாலு இழை பட்டு நூலை முறுக்கிக் கொண்டுவந்தாள்.

"மஞ்சள் நல்லா புடிக்கும்பா. அம்மாவுக்குக் கழுத்துல உறுத்தாது."

கதிர் பட்ட இடத்தில் தோல் கறுத்து உலர்ந்திருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை, கனகம்மாவுக்குத் தோன்றியது.

ரங்கநாயகி கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, வாக்குமூலம் எழுதுவதுபோல் எழுதிக்கொண்டேன். மாவை வறுக்க வேண்டும், வெல்லத்தைக் கரைத்து வடிகட்ட வேண்டும், தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீற வேண்டும். எழுதியபடியே செய்தேன். அடை வெந்ததும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஏன்னா, காராமணியை வேகவெக்கலையா?"

"வறுக்கத்தானே சொன்னே?"

"அதைக்கூடச் சொல்லணுமா! இதைத் தின்னா, ஆயுசு இருக்கும், பல்லு இருக்காது."

மூன்று மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பு நின்றது. முதல் ஈடு கனகம்மா வீட்டு மாட்டுக்குப் போனது.

இரண்டாவது ஈட்டில் கட்டைவிரல் நகம் அளவு கிள்ளி, உருக்கிய வெண்ணெயில் தோய்த்துக் கொடுத்தேன். அது இறங்க வெகுநேரம் பிடித்தது. நான் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு அவள் தொண்டையைப் பார்த்திருந்தேன். சரடு கட்டிக்கொள்ளக் கை மேலே எழும்பவில்லை. நான் கட்டினேன். முடிச்சு அவசரத்தில் இரட்டையாக விழுந்தது.

"இனிமே உங்களுக்குப் பயமில்லை," என்றாள்.

புரட்டாசியில், அந்தச் சரடோடு போனாள். டாக்டர் கொடுத்த கெடுவில் சில வாரம் பாக்கி இருந்தது.

இதேபோல் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் போன பிறகும் உங்கள் தொண்டை அந்த வேலையை விடாது. கவளம் எங்கே இருக்கிறது, தாண்டியதா என்று இன்றும் நான் கவனிக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் டம்ளருக்குக் கை நீள்கிறது. மாதங்களும் வரிசை மாறிவிட்டன. மாசி முடியும் நாளில் தெருவெல்லாம் வெல்லம் காயும் வாசனை வந்தபோது, எனக்கு அது ஆனி என்றே பட்டது.

பெரியவரின் பதில், நான் வைத்த அதே கார்டில் வந்தது. காலம் தவறிச் செய்யும் நோன்புக்குப் பலன் இல்லை, வரும் மாசியில் முறைப்படி செய்யவும் என்று எழுதியிருந்தார். எனக்கு அறுபத்து நாலு வயது. ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை இல்லை, சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது. இன்னும் பல வருஷம் இருப்பீர்கள் என்கிறார் டாக்டர்.

கார்டின் மூலையில், பழக்க தோஷத்தால், பெற்ற தேதியைக் குறித்தேன்: பங்குனி இரண்டு.