ஆட்டு முடி என்று நான் சொன்ன பிரஷ்

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் கடை நாற்காலியில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த ஒருவரை வைத்துக்கொண்டு நான் பொய் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேள்வி வந்த வேகத்தில் பதிலும் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

கடை மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருந்தது. கடைவீட்டின் முன்பாதி எனக்கு, பின்பாதி ஒரு சைக்கிள் பட்டறைக்கு. இரண்டு நாற்காலி போட்டிருந்தேன். ஆள் நான் ஒருவன்தான் என்பதால் இரண்டாவது நாற்காலியில் பெரும்பாலும் பேப்பர்தான் உட்கார்ந்திருக்கும். ஆயர் தாவார் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர் பால் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது பாதி ஆட்களுக்கு வேலை இல்லாமல் போனது. அந்தப் பாதியில் நானும் ஒருவன். தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்களுக்கு முடி வெட்டிப் பழகியிருந்த கை. அதை நம்பித்தான் மனைவியோடு ஈப்போவுக்கு வந்தேன். அவள் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள்.

நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற மலாய்க்காரப் போலீஸ் சார்ஜண்ட். சித்தியவான் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றியே பல வருஷம் வேலை பார்த்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். மாமா என்ற பொருளில் பாக் சிக் என்று கூப்பிடுவேன். என்னைத் தம்பி என்பார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளியும் தொழுகைக்குப் போவதற்கு முன்னால் சவரத்துக்கு வருவார். அன்றைக்கு மருமகனையும் கூட்டி வந்திருந்தார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் இளைஞர். அவர் என் கையிலிருந்த பிரஷைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது எந்தப் பிராணியின் முடி என்று மலாயில் கேட்டார்.

"கம்பிங்," என்றேன். ஆடு.

அவர் தலையை ஆட்டினார். பாக் சிக் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் கத்தியை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். அது எந்தப் பிராணியின் முடி என்று எனக்குத் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் எனக்கே உறைத்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் பிரஷை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினாள். துணி என்ன துணி என்று பார்க்கத் தொழிற்சாலையில் நூலைக் கொளுத்திப் பார்ப்பார்களாம். முடி சுருண்டு பொரிந்தது. தலைமுடி கருகும் வாடை வந்தது.

"நைலான் இல்லங்க. நைலான்னா உருகி உருண்டையா நிக்கும். இது ஏதோ உசிரு உள்ளதோட முடி. ஆடா மாடான்னு தீக்குச்சி சொல்லாது. வாங்குன கடையில போய்க் கேளுங்க."

மறுநாள் கடையைத் திறக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போனேன். பிரஷ் வாங்கிய சீனர் கடையில் சீப்பு, கத்தரி, பவுடர் எல்லாம் கிடைக்கும். பிரஷைக் கடை முதலாளி தவுக்கேயின் மேஜையில் வைத்து, இது என்ன முடி என்று கேட்டேன்.

அவர் பிரஷைக் கையில் எடுக்கக்கூட இல்லை. "பாபி லா. வேற என்ன இருக்கும்? எல்லாம் பாபிதான். இதான் நல்லா சோப்பு புடிக்கும்."

பன்றி முடி. அவர் மேல் தப்பில்லை. நான் இதற்கு முன் கேட்டதே இல்லையே. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகள். தொழுகைக்குப் போவதற்கு முன்னால், சுத்தமாகப் போக வேண்டும் என்பதற்காகவே என்னிடம் வந்த மனிதரின் முகத்தில், அவர் தொடவே கூடாத ஒன்றை நனைத்து நனைத்துத் தேய்த்திருக்கிறேன். தெரியாமல் செய்ததற்கு ஒரு மன்னிப்பு இருக்கலாம். கம்பிங் என்று சொன்னதற்கு?

வீட்டுக்கு வந்ததும் இரண்டு முடிவு எடுத்தேன். அந்த வகைப் பிரஷ் இனி என் கடையில் இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை பாக் சிக்கிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

முதல் முடிவே என்னைப் பாடாய்ப் படுத்தியது. டவுனில் நைலான் பிரஷ் கிடைத்தது. பிளாஸ்டிக் பிடி, வெள்ளை வெளேரென்ற முடி. பார்க்க அழகு. கடையில் முதலில் அதைச் சைக்கிள் பட்டறைக்காரர் முகத்தில்தான் போட்டேன். அவர் தமிழர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். நாலு தடவை சுற்றியதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"என்ன மச்சான் இது, சட்டி தேய்க்கிற பிரஷா? மூஞ்சியில கோடு விழுது லா. பழசை எடு."

பழசை எடுக்கவில்லை. அவருக்குப் பாதி நுரையிலேயே சவரம் செய்து அனுப்பினேன். அதற்குப் பிறகு என் முகத்தையே வைத்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். தினமும் கடை திறப்பதற்கு முன்னால் வீட்டுக் கண்ணாடி முன் நின்று, இடது கன்னத்துக்கு நைலான், வலது கன்னத்துக்குப் பன்றி முடி. ஒரே சோப்பு, ஒரே கத்தி.

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால் பன்றி முடிதான் உசத்தி. அது தண்ணீரைக் குடிக்கும். கொஞ்ச நேரம் ஊறினால் நுனி பிரிந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஆனாலும் அடியில் ஒரு விறைப்பு இருக்கும். அந்த விறைப்புதான் தாடி மயிரைத் தூக்கி நிறுத்தும். நுரை கெட்டியாக வந்து முகத்தில் நின்றுகொள்ளும். நைலான் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வாங்காது. எல்லாம் வழிந்து முழங்கை வரை வந்துவிடும். நுரை பெரிது பெரிதாகக் குமிழ் விடும், கத்தியை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். இடது கன்னத்தில் தினமும் இரண்டு கீறல். படிகாரத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டு கடையைத் திறப்பேன்.

மனைவிதான் பிரஷின் நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வெட்டுன நைலான் நூலு முனை இப்படித்தாங்க குத்தும். முனையை மழுக்கணும்," என்றாள். சைக்கிள் பட்டறையில் டியூபுக்கு ஒட்டுப் போடத் தேய்க்கும் உப்புத்தாளில் ரொம்ப மென்மையானதாக ஒன்று கேட்டு வாங்கினேன். பிரஷை அதில் வட்ட வட்டமாகத் தேய்த்தேன். ஒரு நாளில் நடக்கிற வேலை இல்லை. ஆள் இல்லாத நேரமெல்லாம் தேய்த்தேன். மெல்ல மெல்லக் குத்துவது நின்றது.

பிறகு தண்ணீர். நைலானைச் சுடுதண்ணீரில் போட்டால் துவண்டு படுத்துவிடுகிறது என்று கண்டுகொண்டேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மூன்று தடவை பலமாக உதறி, கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து அங்கேயே நுரையை முழுசாக எழுப்பிவிட வேண்டும். முகத்தில் எழுப்பப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கத்துக்குப் போட்டு வழித்துவிட்டு, அப்புறம்தான் மறுபக்கத்துக்குப் போட வேண்டும். அப்படிச் செய்தால் காய்வதற்குள் வேலை முடிந்துவிடும். நல்ல குணமும் அதற்கு இருந்தது. உதறி மாட்டினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். முடி உதிராது. மழை நாளில் பழைய பிரஷிலிருந்து வரும் ஈர மிருக வாடை இதில் வராது.

இதெல்லாம் கைக்கு வரப் பல வாரம் ஆனது. பாக் சிக்கிடம் பேச வேண்டிய வெள்ளிக்கிழமை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மறுவாரமே வந்துவிட்டது.

அவர் வந்து வழக்கம்போல உட்கார்ந்தார். நான் துண்டைப் போர்த்தவில்லை. அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டேன்.

"பாக் சிக், போன வாரம் உங்க மருமகன் கேட்டதுக்கு நான் ஆடுன்னு சொன்னேன். எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். அப்புறம் கடையில போய்க் கேட்டேன். அது பாபி முடி. ரெண்டு வருஷமா அதைத்தான் போட்டிருக்கேன்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போலீசில் இருந்த முகம். கண்ணாடியில் தன்னையே பார்த்தார். பிறகு எழுந்தார், குடையை எடுத்துக்கொண்டார், சவரம் செய்துகொள்ளாமலே போய்விட்டார்.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அவர் சொல்லி வந்துகொண்டிருந்த மலாய்க்காரர்கள் இரண்டு மூன்று பேரையும் காணவில்லை.

பட்டறைக்காரர், "நீ ஏன் மச்சான் வாயைத் திறந்தே? பேசாம அவங்களுக்கு ஒரு பிரஷ், நமக்கு ஒரு பிரஷ்னு வச்சுக்கிட்டு இருந்தா முடிஞ்சு போச்சு. எனக்குப் பழசு நல்லாத்தானே இருந்துச்சு," என்றார்.

அந்த யோசனை எனக்கும் வராமல் இல்லை. ஆனால் கிண்ணம் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், கழுவுகிற தொட்டி ஒன்றுதான். கூட்டம் இருக்கிற சனிக்கிழமையில் எந்தப் பிரஷ் எந்தக் கொக்கியில் இருந்தது என்று ஒரு தடவை மறந்தால் போதும். கேட்டால் மறுபடியும் ஒரு கம்பிங் சொல்ல வேண்டிவரும். தவிர, நாற்காலியில் வந்து சாய்கிற ஆளின் முகத்தைப் பார்த்து இவர் யார், இவருக்கு எது என்று தினமும் பிரித்துக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை.

"ஒரே பிரஷ்தான். எல்லாருக்கும் அதான்," என்றேன். "குத்துதுன்னா சொல்லு, குத்தாம பண்றேன். பழசு வராது."

அவர் ஒரு மாசம் டவுனில் வேறு கடைக்குப் போனார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, வழித்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

நைலான் கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு நிச்சயமான ஒரு நாளில், பாக் சிக் வீட்டைத் தேடிப் போனேன். தாமான் குடியிருப்பு வீடுகளைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றின் அடியில் பலகை வீடு. அவர் ரம்புத்தான் மரத்தடியில் உலர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் நரைத்த தாடி அரும்பியிருந்தது. வேறு கடைக்கும் போகவில்லை என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. புதுப் பிரஷைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"நைலான், பாக் சிக். வேணும்னா ஒரு முடி பிடுங்கி நெருப்புல காட்டிப் பாருங்க. உருகும்."

அவர் வாங்கிப் பார்த்தார். நெருப்பெல்லாம் கேட்கவில்லை. துடைப்பத்தை மரத்தில் சாய்த்தார்.

"தம்பி, தெரியாம நடந்ததுக்கு மன்னிப்பு இருக்குன்னு எங்க சூராவ் பள்ளிவாசல்ல சொல்லிட்டாங்க. நான் கழுவ வேண்டிய மாதிரி கழுவிட்டேன். கோவம் அதுக்கு இல்ல. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம் லா. ஏன் கம்பிங்னு சொன்னே?"

"வாயில வந்துருச்சு, பாக் சிக். தப்புதான்," என்றேன்.

"போலீஸ்ல எத்தனை பேரு எங்கிட்ட வாயில வந்ததைச் சொல்லியிருக்கான், தெரியுமா?" என்றார். சிரிக்கவில்லை. பிரஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பிரஷ் மட்டும் மாத்தினா பத்தாது. கிண்ணம்? தொட்டி? துண்டு? கத்தி?" என்று கேட்டார்.

கத்தியும் துண்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மண். தோட்டத்து மண்ணைச் சலித்துக் கல் பொறுக்கிச் சுத்தமாக எடுத்து வந்திருந்தார். மண்ணை நீரில் கரைத்து ஒரு தடவை, பிறகு வெறும் தண்ணீரில் ஆறு தடவை. அப்படித்தான் கழுவ வேண்டும் என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நானும் அவரும் சேர்ந்தே செய்தோம். கிண்ணம், கத்தி, தொட்டி, நாற்காலியின் தலைச்சாய்வு எல்லாம். பழைய துண்டுகளை நானே வேண்டாம் என்று ஒதுக்கினேன். மனைவி வேலைக்குப் புறப்பட்டவள், நின்று பார்த்துவிட்டு, குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு வேலைக்குத் தாமதமாகிவிட்டது. பாக் சிக் தடவையை ஒன்று, இரண்டு என்று சத்தமாகத் தமிழிலேயே எண்ணினார். ஆறோடு நிறுத்தலாமா என்று பார்த்த என்னை, "ஏழு லா, தம்பி," என்று விடவில்லை.

எல்லாம் காய்ந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணத்தில் நுரை எழுப்பி, வலது கன்னத்துக்கு மட்டும் போட்டேன். அதை வழித்துவிட்டு இடது கன்னத்துக்குப் போட்டேன். முடிந்ததும் இரு கன்னத்தையும் தடவிப் பார்த்தார்.

"முன்ன இருந்தது இன்னும் நல்லா இருந்துச்சு," என்றார்.

"ஆமா, பாக் சிக். அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதான்."

"இதான்," என்று அவரும் சொன்னார்.

அவர் திரும்ப வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். கோலாலம்பூர் மருமகன் மட்டும் பிறகு என் கடைக்குள் வரவே இல்லை. ஊருக்கு வரும் நாட்களில் மாமனாரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருப்பார். அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அது அவர் விருப்பம். சைக்கிள் பட்டறைக்காரர் டவுன் கடையில் காது ஓரத்தில் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். நைலான் நுரைக்குத் தானே முகத்தைக் காட்டினார்.

எண்பதுகளில் கொஞ்சம் நல்ல நைலான் பிரஷ்கள் வந்தன. நுனி மெலிந்து, உப்புத்தாள் தேவைப்படாமல் இருந்தன. வாங்கும்போது கடைக்காரரை நிறுத்தி வைத்து இது என்ன முடி, எங்கே செய்தது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். தெரியாது என்று சொல்பவரிடம் வாங்க மாட்டேன். நிச்சயமாகத் தெரியும் என்று வேகமாகச் சொல்பவரிடம் இன்னும் ஒரு தடவை கேட்பேன். அந்த வேகம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.