கோழி விலையை விசாரிக்க வந்தவர்

அன்று என் கோழிக்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், பாறசாலை ஜங்ஷனில் கோழிக்கடை வைத்திருக்கும் மற்ற இருவர், கிழிந்த குடையோடு வந்த அவர். வியாபாரிகள் கூடிப் பேசி விலையேற்றுவதைப் பிடிக்கும் அரசு அதிகாரியாம். வாட்ச் வாரில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி, அது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு கிலோ வாங்கி, இருநூறு ரூபாய் கொடுத்து, பில் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அரசாங்கம் என்றாலே பயம்; கேட்காததையும் சொல்லிவிடுவேன்.

"சாரே, நூத்தி எம்பதுதான் வெல. நாங்க மூணுபேரும் பேசியாக்கும் இருவது கூட்டினோம்."

"எலே, வாய மூடு!" என்று பக்கத்துக் கடைக்காரர் என் காலை மிதித்தார்.

அதிகாரி எழுதப் பார்த்தார், பேனா எழுதவில்லை. நானே என் பேனாவைக் கொடுத்தேன்.

"ஜெயிலா சாரே?"

"பயப்படண்டாம். ஆபீசுல ஜீப்பு உண்டு, டீசலுக்குப் பணம் ஒதுக்கல்ல. இந்தக் கோழியும் என் காசாக்கும். உம்ம ஃபைலு நகர நாளாவும்."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். நோட்டீஸ் எதுவும் வரவில்லை. மறுநாளே நான் பழைய விலைக்கு இறங்கிவிட்டேன். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் இறங்கினார்கள்; இப்போது என்னோடு பேசுவதில்லை. டீசல் செலவில்லாமல் என் பயமே அரசாங்க வேலையை முடித்துவிட்டது.

பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தக் கிழிந்த குடையைத் தேடுகிறேன். அவருக்கு நான் தரவேண்டிய இருபது ரூபாய் இன்னும் பாக்கி.