போல்ட்டுகளில் மஞ்சள் கோடு

நேர் ரோட்டில் ஓட்டும் டிராக் ரேஸுக்காக, என் பழைய எண்ணூறு சிசி காரை ஒரு மாதம் தயார் செய்தேன். ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டிய கார்களுக்கான பிரிவு அது. இன்ஜினைப் பிரிக்கக் கூடாது, நானும் பிரிக்கவில்லை. பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன், வெளியே தெரிந்த போல்ட்டுகளை இறுக்கினேன். இறுக்கிய ஒவ்வொன்றின் தலையிலும் பெயிண்ட் பேனாவால் மஞ்சள் கோடு போட்டேன். ஒரகடத்தில் கார் ஃபேக்டரி லைனில் ஷிஃப்ட் முழுக்க எனக்கு அதுதான் வேலை. பழக்கத்தில் இங்கேயும் கை தானாகப் போய்விட்டது.

ரேஸ் அன்று பானட்டைத் திறந்த பரிசோதகர், அந்தக் கோடுகளைப் பார்த்துச் சிரித்தார். இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவர்களும் இறுக்கிய போல்ட்டில் இப்படித்தான் கோடு போடுவார்கள்.

“இன்னாப்பா, இன்ஜினப் பிரிச்சி மாட்டிக்கினு வந்து எங்கிட்டயே கத வுடுறியா?”

“பிரிக்கல சார், டைட்தான் வெச்சேன். வேணும்னா கழட்டிப் பாருங்க.”

“அதுக்கெல்லாம் டைம் இல்ல. ஒனக்கு ரேஸ் கெடையாது, வண்டிய எட்த்துக்கினு கெளம்பு.”

லைனில் ஒரு போல்ட்டில் கோடு விட்டுப்போனால், நான் அதை இறுக்கவே இல்லை என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துவார். இறுக்கினேன் என்றால் நம்பமாட்டார். இங்கே ஒன்றுவிடாமல் கோடு போட்டுவிட்டு ஏமாற்றுக்காரனாக நின்றேன். ஒரு பேனாக் கோட்டுக்கு இருக்கும் மதிப்பு என் வாய்க்கு எந்த இடத்திலும் இல்லை.